7 ரயிலின் சத்தம் கேட்கும் தூரத்தில்: குயின்ஸில் ஒரு நாள் நடை, முழு வழிகாட்டி

நியூயார்க்குக்கு வருகிற நம்மவர்களுக்கு அந்த நகரத்தின் குயின்ஸ் பகுதி என்றால் இரண்டே இடங்கள். ஒன்று, ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். இன்னொன்று, ஜாக்சன் ஹைட்ஸ் 74வது ஸ்ட்ரீட்டில் இருக்கும் மளிகை, நகை, புடவைக் கடைகள். இரண்டுக்கும் 7ஆம் எண் ரயிலில் போய்விட்டு அதே ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். நடுவில் இருப்பதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான்.

அந்த நடுவில்தான் ஊர் இருக்கிறது. நான் இந்த வழியைப் பல வருடங்களாக நடந்துவருகிறேன். ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் தொடங்கி, சன்னிசைடு 46வது ஸ்ட்ரீட்டில் முடிப்பேன். சுற்று வழிகளையும் சேர்த்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். பன்னிரண்டு நிலையங்கள். சாப்பாடு, ஓய்வு, மியூசியம் எல்லாம் சேர்த்தால் காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு முடியும். பெரும்பாலான இடங்களில் கால் ஓய்ந்தால் ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு நிலையம் வந்துவிடும். நெடுநடைக்குப் பழக்கமில்லாதவர்களுக்கும் இந்த வழியைத் தயங்காமல் சொல்ல அதுவே காரணம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு சப்வே என்றால் சாலைக்கு அடியில் நடந்து போகும் சுரங்கம். இங்கே அது ரயில். அதிலும் 7 ரயில், நாம் நடக்கும் வழியில் மெயின் ஸ்ட்ரீட் நிலையத்தில் மட்டும் பூமிக்கு அடியில் நிற்கும். மற்றபடி தலைக்கு மேலே, பெரும்பாலும் இரும்புத் தூண்களின் மேல் ஓடுகிறது. பெயர் மட்டும் சப்வேதான்.

ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பாதைக்கு நேர் கீழே நடக்காதீர்கள். பாதைக்குக் கீழே ஓடும் ரூஸவெல்ட் அவென்யூவில் வெயில் கோடு கோடாகத்தான் விழும். ரயில் தலைக்கு மேலே போகும் ஒவ்வொரு தடவையும் பேச்சு பாதியில் நின்றுவிடும். இரண்டு மூன்று தெரு தள்ளி வடக்கே போனால் வேறு உலகம்: மரம், வாசல் படிக்கட்டு, குழந்தை வண்டி, துணி மடிக்கும் ஜன்னல். ஆனால் ரயிலின் சத்தம் காதில் விழும் தூரத்திலேயே இருங்கள். மேற்கு நோக்கி நடக்கும்போது அது இடது பக்கத்தில் கேட்டால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். மேப்பைப் பையில் வைத்துவிடலாம். இரண்டு இடங்களில் மட்டும் இந்த விதியை மீறப்போகிறோம், அங்கே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். வழியில் உள்ள மியூசியங்கள் எல்லா நாளும் திறந்திருக்காது. குயின்ஸ் மியூசியம் திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கிளை நூலகங்கள் பூட்டிக் கிடக்கும். நூலகத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், இந்த ஊரில் நடப்பவனுக்குக் கழிப்பறை கிடைக்கும் நம்பகமான இடம் அதுதான். மெயின் ஸ்ட்ரீட்டும் கிஸீனா பூலவார்டும் சந்திக்கும் முனையில் உள்ள ஃப்ளஷிங் நூலகம், பிள்ளையார் கோயில், குயின்ஸ் மியூசியம், ஜாக்சன் ஹைட்ஸில் டிராவர்ஸ் பார்க். இந்த நான்கையும் குறித்துக்கொண்டால் நாள் நிம்மதியாகப் போகும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் சென்னைப் புழுக்கத்துக்குக் குறைவில்லை. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் பூங்காவுக்குள் யூ.எஸ். ஓப்பன் டென்னிஸ் நடக்கும். அப்போது அந்தப் பக்கம் கூட்டம் தாங்காது.

காலுக்குப் பழகிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை புது ஷூவோடு கிளம்பி, பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம் வந்து ரயிலேறித் திரும்பியிருக்கிறேன். தண்ணீர் பாட்டில், போனுக்கு சார்ஜ் பேங்க், தெருவோர வண்டிகளில் வாங்கக் கொஞ்சம் சில்லறை டாலர். இவ்வளவு போதும்.

ரயில் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 டாலர். வங்கி அட்டையையோ போனையோ வாசலில் காட்டினால் போதும். நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் மறுபடி ரயிலேற மறுபடி காசு. ஆகையால் பாதி நடை, பாதி ரயில் என்று மாற்றி மாற்றிப் போவதானால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் தண்டவாள வேலைக்காக ரயில்களை மாற்றி ஓட்டுவது இங்கே சகஜம். கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குயின்ஸ் முகவரியைப் படிக்கும் விதம்

இதைக் கற்றுக்கொள்ளாமல் நடக்கத் தொடங்க வேண்டாம். முதலில் குழப்பும், பிறகு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது என்று தோன்றும்.

ஸ்ட்ரீட் எல்லாம் வடக்கு தெற்காக ஓடும். கிழக்கே போகப் போக எண் கூடும். அவென்யூ எல்லாம் கிழக்கு மேற்காக ஓடும். தெற்கே போகப் போக எண் கூடும். நாம் மேற்கே போவதால் ஸ்ட்ரீட் எண்கள் இறங்கிக்கொண்டே வரும்: 111, 103, 90, 82, 74, 61, கடைசியில் 46. மீதி எவ்வளவு என்பதைத் தெருமுனைப் பலகையே சொல்லிவிடும். இந்தப் பகுதியில் அவென்யூவில் நடக்கும்போது ஒரு ஸ்ட்ரீட்டிலிருந்து அடுத்த ஸ்ட்ரீட் சுமார் 80 மீட்டர். இருபது தெரு தாண்டினால் ஒரு மைல்.

ஒரே எண்ணில் அவென்யூ, ரோடு, டிரைவ் என்று அடுத்தடுத்து வரும். 37வது அவென்யூ, 37வது ரோடு, 37வது டிரைவ் மூன்றும் வேறு வேறு தெருக்கள். எண்ணை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

வீட்டு எண்ணில் நடுவே ஒரு கோடு இருக்கும். 34-56, 107வது ஸ்ட்ரீட் என்றால், 107வது ஸ்ட்ரீட்டில், 34வது அவென்யூவிலிருந்து தொடங்கும் பிளாக்கில் (இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதி), 56ஆம் எண் வீடு. முகவரியே வழியும் சொல்லிவிடுகிறது. இந்த முகவரியை உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மதியம் அந்த வீட்டு வாசலில்தான் நிற்கப்போகிறோம்.

ஃப்ளஷிங்: மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை

மெயின் ஸ்ட்ரீட் நிலையம் 1928 ஜனவரியில் திறந்தது. படியேறி வெளியே வந்ததும் சீன எழுத்துப் பலகைகளும், காய்கறிப் பெட்டிகளைத் தாண்டி நடக்கும் கூட்டமும், கத்திரிக்காய் விலையைக் கூவும் குரலும் ரங்கநாதன் தெருவை ஞாபகப்படுத்தும். காலையில் சூடான சோயாப் பாலும், எண்ணெயில் பொரித்த நீள ரொட்டியும் கிடைக்கும். பசித்தால் சாப்பிடுங்கள், ஆனால் வயிற்றில் கொஞ்சம் இடம் மீதி வையுங்கள்.

ரூஸவெல்ட் அவென்யூவில் கிழக்கே நடந்தால் சில நிமிடங்களில் பௌன் ஸ்ட்ரீட். முதலில் இடது பக்கம் திரும்பி வடக்கே கொஞ்சம் போங்கள். கூட்டம் சட்டென்று அடங்கிவிடும். அங்கே சாய்ந்த கூரையோடு நிற்கும் மரவீடு ஜான் பௌன் என்பவருடையது. 1661 வாக்கில் கட்டியது. அப்போது இந்த ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக்குத் தடை போட்டிருந்தார். அவர்களுக்குத் தன் வீட்டில் கூடி வழிபட இடம் கொடுத்ததற்காக 1662இல் பௌனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் ஹாலந்து போய், ஸ்டைவசன்ட்டுக்கு மேலே இருந்த டச்சுக் கம்பெனியிடமே முறையிட்டு, வென்று, ஊர் திரும்பினார். அதற்கு முன்பே, 1657 டிசம்பரில், இந்த ஊர்க்காரர்கள் முப்பது பேர் ஆளுநரின் தடையை எதிர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுவும் உண்டு. கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட குவேக்கர் இல்லை. மற்றவர்களின் வழிபாட்டுக்காக வாதாடிய மனு அது. உள்ளே போக முன்பதிவு வேண்டும். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும்.

இதையெல்லாம் சொல்வது, இதே பௌன் ஸ்ட்ரீட்டில் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நம் பிள்ளையார் கோயில் இருப்பதால்தான். காரில் வந்து இறங்குபவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நடந்தால் தெரியும். தேவாலயங்கள், ஸ்வாமிநாராயண் மந்திர், அதற்கப்புறம் ராஜகோபுரம். எல்லாம் ஒரே தெருவில், சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவில்.

வழியில் குறுக்கே வரும் தெருப் பெயர்களைக் கவனியுங்கள். ஆஷ், பீச், செர்ரி என்று ஆங்கில அகர வரிசையில் மரம் செடிகளின் பெயர்கள் வரும். கோயிலை ஒட்டியது ஹோலி. ஒரு காலத்தில் ஃப்ளஷிங் முழுக்க நாற்றுப் பண்ணைகள். பௌன் வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு பூங்காவில், பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்து 1847இல் நட்ட ஒரு பீச் மரம் இருந்தது. கிளைகள் தரைவரை தொங்கும் வகை. தாய்மரம் 1998இல் பட்டுப்போனது. சுற்றிலும் அதன் கன்றுகள் பெரிய மரங்களாக நிற்கின்றன. அவற்றின் அடியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத் தெற்கே திரும்புங்கள்.

கோயில் பிறந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் 1970இல் சிலரைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமாக இருந்த இடத்தை வாங்கினார்கள். 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம். இன்று தெருவுக்கே கோயிலின் பெயரும் சேர்ந்திருக்கிறது. தரிசனம் முடித்துக் கீழ்த்தளத்து கேன்டீனுக்கு இறங்குங்கள். ஒரு தடவை அங்கே எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் ஷூவைப் பார்த்துவிட்டு, "எங்கேருந்து தம்பி வர்றீங்க?" என்றார். சன்னிசைடு வரை நடக்கப்போகிறேன் என்றதும், "அப்போ இன்னொரு தோசை சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த வயிறு நிறைகிற சாப்பாட்டுக்கு வெகுநேரம் ஆகும். ஒரு தயிர்சாதம் கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவைக் கடப்பது

கோயிலிலிருந்து மெயின் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி, ரூஸவெல்ட் அவென்யூ வழியே ஃப்ளஷிங் சிற்றாற்றுப் பாலத்தைக் கடந்து மெட்ஸ்-வில்லட்ஸ் பாயின்ட் நிலையம் வரை நடக்கலாம். நடைபாதை இருக்கிறது, ஆபத்தில்லை. ஆனால் இரைச்சலும் புகையும்தான், வீடே கிடையாது. இந்த ஒரு நிலையத்தை மட்டும் ரயிலில் தாண்டுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். மூன்று டாலர் போகும், கால் மிஞ்சும்.

நிலையத்திலிருந்து தெற்கே இறங்கினால் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா. ஒரு காலத்தில் நகரத்தின் சாம்பலைக் கொட்டிய இடம். 1939 உலகக் கண்காட்சிக்காகத்தான் சுத்தம் செய்தார்கள். நடுவில் நிற்கும் எஃகு பூகோளம் 1964 கண்காட்சிக்குச் செய்தது, 140 அடி உயரம். அதன் பக்கத்தில் உள்ள குயின்ஸ் மியூசியம் கட்டடத்தில்தான் 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடியது. பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானம் 1947இல் நிறைவேறியது இங்கேதான்.

மியூசியத்துக்குள் ஒரே ஒரு பொருளுக்காகப் போங்கள். நியூயார்க் நகரம் முழுவதையும் 1,200இல் ஒரு பங்காகச் சுருக்கி, லட்சக்கணக்கான கட்டடங்களோடு தரையில் பரப்பியிருக்கிறார்கள். இன்று நீங்கள் நடக்கும் 15 கிலோமீட்டர் அங்கே பன்னிரண்டரை மீட்டர். ஓரத்து நடைபாதையில் நின்று ஃப்ளஷிங்கையும், பூங்காவையும், அதற்கு மேற்கே ஒரே அளவில் அடுக்கிய வீட்டு வரிசைகளையும் கண்ணால் தொட்டுப் போங்கள். அடுத்த ஐந்து மணி நேரம் அந்த வரிசைகளுக்குள்தான் இருக்கப்போகிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டாம்.

கொரோனா

பூங்காவின் மேற்கு ஓரத்தில், 111வது ஸ்ட்ரீட்டில், விண்வெளி ராக்கெட்டுகள் நிற்கும் அறிவியல் கூடம். அதைத் தாண்டினால் கொரோனா என்ற குடியிருப்புப் பகுதி. இங்கேதான் முதல் விதிமீறல். ரயில் பாதைக்குத் தெற்கே இருக்கிறோம், சத்தம் வலது காதில் கேட்கும்.

108வது ஸ்ட்ரீட்டும் 52வது அவென்யூவும் சந்திக்கும் முனைக்குப் போங்கள். 1944 முதல் இருக்கும் ஓர் இத்தாலிய ஐஸ் கடை. எலுமிச்சைச் சாறும் பனியும் சர்க்கரையும்தான். பால் கிடையாது. வாங்கிக்கொண்டு எதிரிலிருக்கும் முக்கோணப் பூங்காவில் உட்காருங்கள். இத்தாலியக் கிழவர்கள் போச்சே பந்து உருட்டும் களம் அது. நம்மூர்க் கோலிக்குண்டை ஆளுயரத்துக்கு வளர்த்த மாதிரி ஆட்டம்: சிறு பந்தை முதலில் வீசிவிட்டு, பெரிய பந்துகளை அதற்குப் பக்கத்தில் கொண்டு நிறுத்த வேண்டும். யாரும் அவசரப்படுவதில்லை. பழைய இத்தாலியக் குடும்பங்கள் குறைந்துவிட்டன. இப்போது சுற்றிலும் டொமினிக்கன், எக்வடார், மெக்ஸிகோ மக்கள். களம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் 108வது ஸ்ட்ரீட்டில் நேரே வடக்கே. அவென்யூ எண்கள் 52லிருந்து இறங்கும். ரூஸவெல்ட் அவென்யூவில் ரயில் பாதைக்கு அடியில் கடப்பீர்கள். அங்கே வண்டிகளில் மாம்பழத்தைப் பூப்போல வெட்டி மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தூவித் தருவார்கள். மெரினா மாங்காயை நினைக்காமல் சாப்பிட முடியாது. மக்காச்சோளத் தோலில் சுற்றி வேகவைத்த தமாலே கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஆனால் சைவக்காரர்கள் கவனம். உள்ளே காயோ சீஸோ இருந்தாலும் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கேட்காமல் வாங்காதீர்கள்.

பாதையைத் தாண்டி வடக்கே, 107வது ஸ்ட்ரீட்டில், 34-56. செங்கல் முகப்பு வைத்த சின்ன வீடு. இரண்டு பக்கமும் அதே மாதிரி வீடுகள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் 1971இல் இறக்கும் வரை வாழ்ந்தது இங்கேதான். உலகமெல்லாம் கொண்டாடிய ட்ரம்பெட் கலைஞர், மாளிகை வாங்க வசதியிருந்தும், மனைவி லூசில் பார்த்து வாங்கிய இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளோடு பேசுவார். உள்ளே பளபளக்கும் நீலச் சமையலறை இன்றும் அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கம் 2023இல் ஆம்ஸ்ட்ராங் மையம் திறந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் சிறு குழுவாகத்தான் அனுமதிப்பார்கள், நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். இந்த நடையில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுத்துப் போவேன் என்றால் இதற்குப் போங்கள். எந்த மேடையையும்விட அந்தப் படிக்கட்டு அவரை எனக்கு நெருக்கமாக்கியது.

34வது அவென்யூ

ஆம்ஸ்ட்ராங் வீட்டிலிருந்து 34வது அவென்யூவில் மேற்கே திரும்புங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஜங்ஷன் பூலவார்ட். அங்கிருந்து 69வது ஸ்ட்ரீட் வரை 26 பிளாக், சுமார் 2 கிலோமீட்டர், காலை ஏழு மணி முதல் இரவு எட்டு வரை வண்டிகளைக் கட்டுப்படுத்தி நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். நடுவில் மரமும் பூச்செடியும் உள்ள தீவுகள்.

இது வந்த விதம் சும்மா இல்லை. 2020 வசந்தத்தில் கொரோனா, எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் ஆகிய பகுதிகள் பெருந்தொற்றில் நகரத்திலேயே மிக மோசமாக அடிபட்டன. ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகள், ஜாக்சன் ஹைட்ஸுக்குள் பெரிய பூங்காவும் கிடையாது. மூச்சுவிட இடம் வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிய தெரு இது. தன்னார்வலர்கள் காலையில் தடுப்புகளை இழுத்து வைத்து, இரவில் எடுத்து வைத்தார்கள். சனிக்கிழமை மதியம் போனால் சைக்கிள் பழகும் பிள்ளைகள், ஒரு முனையில் நடனப் பயிற்சி, இன்னொரு முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பாட்டிகள். தெரு என்பது என்ன என்று நான் யோசிக்க ஆரம்பித்தது இங்கேதான். ஆனால் உணவு கொண்டுபோகும் மின் சைக்கிள்கள் சத்தமில்லாமல் வேகமாக வரும். குறுக்கே போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்.

ஜாக்சன் ஹைட்ஸ் கட்டடங்களைப் பார்க்க நடையை மெதுவாக்குங்கள். எட்வர்ட் மெக்டூகலின் குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் 1910களிலும் 20களிலும் கட்டியவை. 7 ரயில் 1917இல் இந்தப் பக்கம் எட்டியதால்தான் இவை சாத்தியமாயின. ஒரு பிளாக்கின் ஓரங்களில் மட்டும் ஐந்தாறு மாடிக் கட்டடங்களை வைத்து, நடுவை முழுக்கத் தோட்டமாக விட்டார்கள். தெருவிலிருந்து தோட்டம் தெரியாது. 80வது, 81வது ஸ்ட்ரீட்களுக்கு நடுவில் அவென்யூவின் வடக்கே டவர்ஸ், தெற்கே ஷாட்டோ என்ற கட்டடத் தொகுதிகள். டவர்ஸின் வாசல் கம்பிகளுக்குள் பார்த்தால் மறுகோடி வரை நீளும் பச்சை கண்ணில் படும். உள்ளே நுழையாதீர்கள், அவை அங்கே குடியிருப்பவர்களுக்கானவை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் சில தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். முடிந்தால் பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை அழகாகக் கட்டிய இவற்றில் அன்று யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடம் தரவில்லை. அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். இன்று அதே படிகளில் வங்காளம், ஸ்பானிஷ், நேபாளி, திபெத்தியன், நம் தமிழும்கூடக் கேட்கும்.

81வது ஸ்ட்ரீட்டில் தெற்கே 35வது அவென்யூ முனைக்கு ஒரு நிமிடம் போய்வாருங்கள். தெருப்பலகையில் ஒவ்வொரு எழுத்தின் பக்கத்திலும் சிறு எண் இருக்கும். ஸ்க்ராபிள் விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் இங்கேதான் வாழ்ந்தார். அந்த எண்கள் எழுத்துகளுக்கான புள்ளிகள். பிறகு 34வது அவென்யூவுக்குத் திரும்பி, 78வது ஸ்ட்ரீட்டில் டிராவர்ஸ் பார்க்கில் பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தயிர்சாதத்தைப் பிரியுங்கள். இதைவிட நல்ல இடம் வராது.

74வது ஸ்ட்ரீட்டிலிருந்து உட்சைடு

74வது ஸ்ட்ரீட் உங்களுக்குத் தெரிந்த இடம். நான் விவரிக்கத் தேவையில்லை. கறிவேப்பிலை வாங்கும் ஆசை வரும். வேண்டாம், இன்னும் நாலு கிலோமீட்டர் தூக்க வேண்டும். கடைசியில் டைவர்ஸிட்டி பிளாஸாவில் நின்று ஒரு டீ குடிக்கலாம். சுற்றிலும் மோமோ கடைகள், காய்கறி மோமோவும் உண்டு.

பெற்றோருடனோ சின்னக் குழந்தைகளுடனோ வந்தவர்கள் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் அவர்களுக்கு 111வது ஸ்ட்ரீட்டில் தொடங்கி இங்கே முடிப்பதே நல்லது. ஐஸ் கடையை விட்டுவிட்டு நேரே ஆம்ஸ்ட்ராங் வீட்டுக்குப் போனால் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கும். 74வது ஸ்ட்ரீட் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. 7 ரயிலைத் தவிர பூமிக்கு அடியில் ஈ, எஃப், எம், ஆர் ரயில்களும் நிற்கும். வழியில் ஜங்ஷன் பூலவார்டிலும், பின்னால் 61வது ஸ்ட்ரீட்டிலும் லிஃப்ட் உண்டு. இடையிலுள்ள எல்லா நிலையத்திலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

தொடர்பவர்களுக்கு இரண்டாவது விதிமீறல். இங்கிருந்து உட்சைடு வரை ரூஸவெல்ட் அவென்யூவிலேயே, பாதைக்குக் கீழேயே நடக்க வேண்டும். நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே வெட்டுவதால் பக்கத்துத் தெருக்கள் அறுந்து அறுந்து போகும். 70வது ஸ்ட்ரீட்டை ஒட்டி பிலிப்பைன்ஸ் மக்களின் கடைகள். ஊதா நிற வள்ளிக்கிழங்கில் செய்த இனிப்புகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும். 61வது ஸ்ட்ரீட் நெருங்கும்போது பழைய ஐரிஷ் மதுக்கடைகள். இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம்.

சன்னிசைடு கார்டன்ஸ்

61வது ஸ்ட்ரீட் நிலையத்தைத் தாண்டிச் சற்று தூரம் நடந்தால் வலது பக்கம் ஸ்கில்மன் அவென்யூ பிரியும். ரயில் மறுபடியும் இடது காதுக்குப் போய்விடும். 51, 50 என்று எண்கள் இறங்கும்போது வடக்கே திரும்பி ஏதாவது ஒரு ஸ்ட்ரீட்டுக்குள் நுழையுங்கள். எதுவானாலும் சரி.

தெருவின் இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள் மேலே சேர்ந்து கூரை போட்டிருக்கும். அவற்றின் கீழே இரண்டு மாடிச் செங்கல் வீடுகள், ஆடம்பரமே இல்லாமல். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 1924 முதல் 1928 வரை திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு. செடி கொடி எல்லாம் மார்ஜரி காட்லி என்ற பெண்மணியின் திட்டம். சாதாரணச் சம்பளக்காரனும் வெளிச்சமும் காற்றும் மரமும் உள்ள வீட்டில் வாழவேண்டும் என்பதுதான் நோக்கம். வீட்டைச் சின்னதாகக் கட்டி, மிச்ச நிலத்தைக் கொல்லைப்புறத்தில் எல்லோருக்கும் பொதுவான முற்றமாக விட்டார்கள். முற்றத்தைப் பொதுவாக வைத்திருக்கும் ஒப்பந்தம் நாற்பது வருடத்தில் முடிந்ததும் சிலர் வேலி போட்டுத் தங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். 1974இல் நகர நிர்வாகம் தலையிட்டுத் தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. கூட்டுக் குடும்பத்துச் சொத்து பிரித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

வீடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் எட்டிப் பார்த்தால் முற்றங்கள் தெரியும். தெருவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நாள் முழுக்கவும் இது பொருந்தும்: ஜன்னல்களையும் பிள்ளைகளையும் படமெடுக்காதீர்கள், நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் ஒரு தலையசைப்பு. நாம் நடப்பது அவர்களுடைய வீட்டு வாசலில்.

இருட்டும் முன் 46வது ஸ்ட்ரீட்டில் தெற்கே திரும்புங்கள். தெருக்கோடியில் சன்னிசைடு என்று எழுதிய வளைவும், குயின்ஸ் பூலவார்டின் மேலே ரயில் பாதையும் தெரியும். இங்கே இரும்புத் தூண்கள் இல்லை, கான்கிரீட் வளைவுகள். அகலமான சாலைக்கு அழகாக இருக்கவேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள்.

மன்ஹாட்டன் போகிறவர்கள் அந்தப் பக்க மேடையில் ஏறலாம். எனக்கு வேலை எதுவும் இல்லாவிட்டால் எதிர் மேடையில் ஏறி ஃப்ளஷிங்குக்கே திரும்பிப் போவேன். இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் இன்னும் நல்லது. 82வது ஸ்ட்ரீட் தாண்டும்போது, கூரைகளுக்கு அப்பால் 34வது அவென்யூ மரங்கள் கொஞ்ச நேரம் தெரியும். விளக்கு போட்டிருப்பார்கள். எட்டு மணி ஆகியிருக்காது, தடுப்புகள் இன்னும் தெருவில்தான் இருக்கும்.